நோயாளியின் ஏடு



பள்ளி இறுதித் தேர்வின் முடிவுகள் வெளிவரும் காலத்தில் வீடுதோறும் ஒரே பேச்சாக இருக்கும். "மருத்துவப் படிப்புக்கு இடம் கிடைக்குமா?" என்பதே அப்பேச்சு. கிடைத்த வீட்டில் திருவிழா; கிடைக்காத வீட்டில் இழவு விழுந்தாற்போன்ற அமைதி. நெடுங்காலம் ஆசிரியனாகவும் பின்னர்த் தலைமையாசிரியனாகவும் இருந்தவன் என்ற முறையில் அந்த அமைதியை நான் நன்கறிவேன். பிணி தீர்க்கும் பணியில் ஈடுபட வேண்டும் என்று உண்மையாகவே விரும்பிய பிள்ளைகள், மருத்துவர் பட்டம் ஒன்றே அதற்கு வாயில் என்று எண்ணி, அது அடைபட்டதும் உள்ளம் உடைந்து போவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். மருத்துவமனைக்கு வாயில்கள் பல உண்டு. அவற்றுள் பெரும்பாலோர் திரும்பியும் பாராத ஒன்றைப் பற்றியே இன்று உங்களிடம் பேச விரும்புகிறேன். அதுதான் மருத்துவப் பதிவேட்டுத் துறை.

பெயரைக் கேட்டவுடன், "பழைய காகிதங்களை அடுக்கி வைக்கும் வேலைதானே?" என்று சிலர் எண்ணக் கூடும். அவ்வாறு எண்ணுவோர் சற்றே என்னுடன் ஒரு காட்சியைக் கற்பனை செய்து பாருங்கள். நள்ளிரவு. நினைவிழந்த முதியவர் ஒருவரை மருத்துவமனைக்குக் கொண்டு வருகிறார்கள். உடன் வந்தவர் அண்டை வீட்டுக்காரர். அவருக்கு முதியவரின் பெயர் தெரியும். அதற்குமேல் ஒன்றும் தெரியாது. முதியவரோ வாய் திறந்து பேசும் நிலையில் இல்லை. ஆனால் அவர் இரண்டு ஆண்டுகளுக்கு முன் அதே மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றவர். அப்பொழுது எழுதப்பட்ட ஏடு சில நிமிடங்களில் மருத்துவரின் கைக்கு வந்துவிட்டால், அவர் நீரிழிவு நோயாளி என்பதும், இன்சுலின் ஊசி போட்டுக்கொள்பவர் என்பதும், பெனிசிலின் மருந்து அவருக்கு ஒவ்வாது என்பதும் உடனே விளங்கிவிடும். ஏடு வராவிட்டாலோ, மருத்துவர் எல்லாவற்றையும் முதலிலிருந்து தேட வேண்டும். அத்தகைய இரவில் பேச முடியாத நோயாளிக்காகப் பேசுவது அவருடைய ஏடு. அந்த ஏட்டைப் பேச வைப்பவர் யாரோ, அவரும் உயிர் காப்பவரே.

வள்ளுவர் பெருமான் மருந்து என்னும் அதிகாரத்தில், மருத்துவத்துக்கு நான்கு உறுப்புக்கள் கூறினார். நோயுற்றவன், நோய் தீர்க்கும் மருத்துவன், மருந்து, அதனைப் பிழையாமல் உடனிருந்து கொடுப்பவன் என்பவை அவை. நோய் இன்னதென்று ஆராய்ந்து, அது தோன்றிய காரணத்தையும் ஆராய்ந்து, அதன் பின்னரே தீர்க்கும் வழியை நாட வேண்டும் என்றும் அவரே வற்புறுத்தினார். நோயின் காரணத்தை ஆராய வேண்டுமெனில், நேற்று நடந்ததும், சென்ற திங்கள் நடந்ததும், சென்ற ஆண்டு நடந்ததும் தெரிந்திருக்க வேண்டும். மனித நினைவு அத்தனையையும் தாங்காது, எழுத்துத்தான் தாங்கும்.

இவ்வுண்மையை மக்கள் மிகப் பழங்காலத்திலேயே உணர்ந்திருந்தார்கள். எகிப்து நாட்டிலே கிடைத்த எட்வின் ஸ்மித் என்பவரின் பெயரால் வழங்கும் பாப்பிரஸ் சுருள், கி.மு. 1600ஐ ஒட்டி எழுதப்பட்டது. அதில் காயமும் முறிவும் பட்டோர் 48 பேரைப் பற்றிய குறிப்புக்கள் இருக்கின்றன. காயத்தின் பெயர், பரிசோதித்த முறை, நோய் இன்னதென்ற முடிவு, சிகிச்சை என்று ஓர் ஒழுங்கில் அவை அமைந்திருக்கின்றன. கிரேக்க நாட்டு ஹிப்போகிரேட்டஸின் பெயரால் வழங்கும் நூல்களிலும், இன்ன நாளில் காய்ச்சல் ஏறிற்று, இன்ன நாளில் இறங்கிற்று என்று நோயாளிகளின் நிலை நாள்வாரியாக எழுதப்பட்டிருக்கிறது. நோயாளி பிழைக்காமற் போன செய்தியையும் மறைக்காமல் எழுதியிருப்பது அந்நூல்களின் தனிச் சிறப்பு.

ஏட்டின் வலிமை எத்தகையது என்பதை அறிய, வியன்னா நகரத்துப் பொது மருத்துவமனையில் நிகழ்ந்ததைக் கேளுங்கள். அங்கே பிள்ளைப்பேற்றுக்கு இரண்டு பிரிவுகள் இருந்தன. முதற்பிரிவில் மருத்துவ மாணவர்கள் பயின்றார்கள். இரண்டாம் பிரிவில் மருத்துவச்சிகள் பயின்றார்கள். 1846ஆம் ஆண்டில் முதற்பிரிவில் நூறு தாய்மாருக்குப் பதினொருவர்க்கு மேல் இறந்தார்கள். இரண்டாம் பிரிவிலோ மூவருக்கும் குறைவு. ஒரே கட்டடம், ஒரே ஊர். ஏன் இந்த வேறுபாடு? இக்கேள்வி இக்னாஸ் செம்மல்வைஸ் என்ற இளம் மருத்துவரை உறங்கவிடவில்லை. அவர் மருத்துவமனையின் பழைய கணக்குகளைப் புரட்டினார். பிணப் பரிசோதனை வழக்கம் 1823இல் அங்கே வேரூன்றுவதற்கு முன்னர், சாவு மிகக் குறைவாக இருந்ததைக் கண்டார். 1847ஆம் ஆண்டில், பிணப் பரிசோதனையின்போது கத்தி பட்டுக் காயமுற்ற அவருடைய நண்பர் ஒருவர், அத்தாய்மாரைப் போன்றே காய்ச்சல் கண்டு மாண்டார். பிணத்தைத் தொட்ட கையோடு தாயைத் தொடுவதே கேட்டுக்குக் காரணம் என்று செம்மல்வைஸ் முடிவு செய்தார். குளோரின் கலந்த நீரில் கை கழுவியே உள்ளே வர வேண்டும் என்று அவ்வாண்டு மே திங்களில் விதித்தார். 1848இல் முதற்பிரிவின் சாவு நூற்றுக்கு இரண்டுக்கும் கீழே இறங்கிவிட்டது.

நுண்ணுயிர்கள் நோயை உண்டாக்குகின்றன என்ற கொள்கை நிலைபெறாத காலம் அது. ஒரு நுண்ணுயிரையேனும் கண்ணால் காணாமல், அவர் அந்த உண்மையின் வாயிலை எட்டினார். அதற்குத் துணை நின்றவை எவை? பிறப்பும் இறப்பும் ஆண்டுதோறும் தவறாமல் எழுதப்பட்ட ஏடுகள். அவற்றை எழுதிய எழுத்தர்களின் பெயர் நமக்குத் தெரியாது. ஆயினும் அவர்கள் சோம்பி இருந்தால், செம்மல்வைஸுக்குக் கேள்வியே பிறந்திராது.

கிரிமியப் போரில் தொண்டு செய்த பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரை விளக்கேந்திய மங்கை என்று நீங்கள் பாடத்தில் படித்திருப்பீர்கள். அவர் கணக்கிலே வல்லவர் என்பதும், 1858இல் லண்டன் புள்ளியியல் கழகத்தின் முதற் பெண் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் என்பதும் பலர் அறியாதன. ஒரு மருத்துவமனையின் ஏட்டை மற்றொன்றின் ஏட்டுடன் ஒப்பிடவே முடியாதவாறு ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக எழுதுகிறார்களே என்று அவர் வருந்தினார். எல்லாரும் ஒரே படிவத்தில் எழுத வேண்டும் என்று வாதாடினார்.

இந்தத் துறை ஒரு தொழிலாக உருப்பெற்றது அமெரிக்காவில். மினசோட்டாவில் உள்ள மேயோ மருத்துவ நிலையத்தில், ஒவ்வொரு மருத்துவரும் தம் பேரேட்டில் தம் குறிப்பை எழுதி வந்தார்கள். ஒரு நோயாளியை மூவர் பார்த்தால், அவருடைய கதை மூன்று பேரேடுகளில் சிதறிக் கிடக்கும். ஹென்றி பிளம்மர் என்ற மருத்துவர் 1907இல் இம்முறையை மாற்றினார். ஒரு நோயாளிக்கு ஓர் எண், ஓர் எண்ணுக்கு ஓர் உறை, யார் பார்த்தாலும் எழுதியதெல்லாம் அவ்வுறைக்குள் என்று விதி செய்தார். இன்று எளிதாகத் தோன்றும் இந்த ஏற்பாடுதான் நவீனப் பதிவேட்டு முறைக்கு அடிப்படை. பின்னர் 1928இல், பாஸ்டன் நகரின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் பணியாற்றிய கிரேஸ் வைட்டிங் மையர்ஸ் அம்மையார், ஏடு காப்போரின் சங்கம் ஒன்றைத் தோற்றுவித்து, அதன் முதல் தலைவராகவும் விளங்கினார்.

நமது சென்னைக்கும் இதில் பெருமை உண்டு. 1956இல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை நிலையம் தொடங்கப்பட்டது. காசநோய் கண்டவரை வீட்டை விட்டுப் பிரித்து, சானடோரியத்தில் நெடுங்காலம் வைத்திருக்க வேண்டும் என்பதே அந்நாளில் உலகெங்கும் நிலவிய எண்ணம். ஏழைக்கு அது இயலுமா? வீட்டிலிருந்தே மாத்திரை உண்டால் போதாதா? இதை அறிய, நோயாளிகளில் ஒரு சாராரை வீட்டிலும் மறு சாராரை சானடோரியத்திலும் வைத்துச் சிகிச்சை செய்து, ஒவ்வொருவருடைய நிலையையும் விடாமல் எழுதி வந்தார்கள். வீட்டுச் சிகிச்சை எவ்வகையிலும் தாழ்ந்ததன்று என்ற முடிவு 1959இல் வெளியாயிற்று. காசநோய்ச் சிகிச்சையின் போக்கையே மாற்றிய ஆராய்ச்சி அது. நெருக்கமான குடிசைகளில் வாழ்ந்த எளிய மக்களைத் தேடிச் சென்று, ஒவ்வொரு பரிசோதனையையும் எழுதி வைத்தவர்களின் உழைப்பு அம்முடிவுக்குப் பின்னால் நிற்கிறது. அவ்வாறே, 1954இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்களின் முயற்சியால் எழுந்த அடையாறு புற்றுநோய் நிலையம், சென்னை நகரத்துப் புற்றுநோயாளிகளின் விவரங்களைத் திரட்டும் பதிவேட்டை நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகக் காத்து வருகிறது. எந்தப் புற்றுநோய் பெருகுகிறது, எது குறைகிறது என்று நாம் இன்று சொல்ல முடிவது இத்தகைய பதிவேடுகளாலேயே.

இனி, ஒரு மருத்துவமனையில் ஏடு எவ்வாறு பிறந்து எவ்வாறு வாழ்கிறது என்பதைச் சொல்கிறேன். நோயாளி வந்தவுடன் பதிவுச் சாளரத்தில் பெயர், வயது, ஊர், தந்தை அல்லது கணவர் பெயர் கேட்டு எழுதி, ஓர் எண்ணைக் கொடுக்கிறார்கள். ஓ.பி. சீட்டு என்று நாம் சொல்வது அதுவே. இங்கேயே முதற் சோதனை தொடங்குகிறது. நம் நாட்டில் முருகனும் லட்சுமியும் எத்தனை பேர்! குடும்பப் பெயர் இல்லாமல் முதலெழுத்தை மட்டும் வைத்துக்கொள்வது நம் வழக்கம். ஒரே பெயரை ஆங்கிலத்தில் நான்கு விதமாக எழுதுவோம். ஒரே வார்டில் ஒரே பெயருள்ள இருவர் படுத்திருக்கையில், ஒருவருடைய இரத்தப் பரிசோதனைத் தாள் மற்றவருடைய ஏட்டில் புகுந்துவிட்டால் என்ன ஆகும் என்பதை எண்ணிப் பாருங்கள். ஆகவே பெயரை நம்பாமல் எண்ணை நம்ப வேண்டும். எண்ணையும் பெயரையும் வயதையும் ஒருங்கே ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

நோயாளி குணமாகி வீடு திரும்பியபின், அவருடைய கேஸ் ஷீட் பதிவேட்டுத் துறைக்கு வருகிறது. அங்கே முதலில் தாள்களை முறைப்படி அடுக்குகிறார்கள். பிறகு குறை காண்கிறார்கள். அறுவைக்குச் சம்மதித்த கையெழுத்து இருக்கிறதா? அறுவைக் குறிப்பு இருக்கிறதா? டிஸ்சார்ஜ் சம்மரி என்று எல்லோரும் சொல்லும் சுருக்கக் குறிப்பில் மருத்துவர் ஒப்பமிட்டிருக்கிறாரா? இல்லையெனில், எத்துணைப் பெரிய மருத்துவராயினும் அவரிடம் பணிவோடு சென்று, "ஐயா, இது குறைகிறது" என்று சொல்லி நிறைவு செய்து வாங்க வேண்டும். மாணவனின் விடைத்தாளைத் திருத்துவது எளிது. மேலதிகாரியின் தாளில் குறை காட்டுவதற்குப் பணிவும் வேண்டும், துணிவும் வேண்டும்.

அடுத்தது குறியீடு இடுதல். ஒரே நோயை ஒருவர் மாரடைப்பு என்பார். ஒருவர் இதயத் தாக்கு என்பார். மற்றொருவர் நீண்ட இலத்தீன் பெயரால் எழுதுவார். உலகம் முழுவதும் ஒரே வகையாக எண்ண வேண்டுமெனில் ஒரே குறியீடு வேண்டும். 1893இல் பிரெஞ்சு நாட்டுப் பெர்ட்டில்லான் என்பவர் அமைத்த இறப்புக் காரணப் பட்டியலிலிருந்து வளர்ந்ததே இன்றைய அனைத்துலக நோய்ப் பகுப்பு. 1948 முதல் உலகச் சுகாதார நிறுவனம் அதைப் பேணி வருகிறது. அதன் பத்தாம் திருத்தத்தில் காலராவுக்கு ஆங்கில எழுத்து ஏயுடன் 00 என்ற குறி. இரண்டாம் வகை நீரிழிவுக்கு ஈயுடன் 11. திடீர் மாரடைப்புக்கு ஐயுடன் 21. பாம்பு கடித்து வந்தவருக்கு, உடலில் ஏறிய நஞ்சுக்கு ஒரு குறி, கடித்த காரணத்துக்கு மற்றொரு குறி என இரண்டு இட வேண்டும். முதற் குறி மருத்துவம் பற்றியது. இரண்டாவது குறி, எந்த வட்டாரத்தில் பாம்புக்கடி மிகுதி, எங்கே நஞ்சுமுறி மருந்தைச் சேமித்து வைக்க வேண்டும் என்பதை ஆள்வோருக்கு உணர்த்துவது. பதினோராம் திருத்தம் 2019இல் ஏற்கப்பட்டு, 2022ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. ஆகவே இத்துறையில் புகுவோர் பழையதையும் கற்க வேண்டும், புதியதையும் கற்க வேண்டும்.

பின்னர் ஏட்டை அலமாரியில் வைக்கிறார்கள். வைப்பதிலும் ஒரு கலை இருக்கிறது. எண்களை ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாக வைத்தால், புதிய ஏடுகள் எல்லாம் ஒரே மூலையில் சேரும். ஊழியர் எல்லோரும் அம்மூலையிலேயே ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு நிற்பார்கள். ஆகவே கடை இலக்க முறை என்று ஒன்று கண்டார்கள். ஓர் ஏட்டின் எண் 452783 என்று கொள்வோம். அதை 45, 27, 83 என்று மூன்றாகப் பிரிக்கிறார்கள். கடைசியிலுள்ள 83 எந்த அடுக்கு என்பதைக் காட்டும். நடுவிலுள்ள 27 அந்த அடுக்கில் எந்தப் பிரிவு என்பதைக் காட்டும். முதலிலுள்ள 45 அப்பிரிவில் எத்தனையாவது ஏடு என்பதைக் காட்டும். இம்முறையில் புதிய ஏடுகள் 00 முதல் 99 வரையுள்ள நூறு அடுக்குகளிலும் சமமாகப் பரவும். ஓர் ஏட்டை எடுத்தால், எடுத்தவர் பெயரும் நாளும் எழுதிய அட்டையை அதன் இடத்தில் செருக வேண்டும். தவறான இடத்தில் வைக்கப்பட்ட ஏடு தொலைந்துபோன ஏட்டுக்குச் சமம் என்பது இத்துறையின் பால பாடம்.

இவற்றோடு கணக்கும் உண்டு. நள்ளிரவு தோறும் எத்தனை படுக்கைகளில் நோயாளிகள் இருக்கிறார்கள் என்று எண்ணுகிறார்கள். நூறு படுக்கை உள்ள மருத்துவமனையில் முப்பது நாளைக்கு 3,000 படுக்கை நாட்கள். அவற்றில் 2,400 பயன்பட்டிருந்தால் நூற்றுக்கு 80 பங்கு நிரம்பியது என்று பொருள். அத்திங்களில் 400 பேர் வீடு திரும்பியிருந்தால், ஒருவர் சராசரியாக ஆறு நாள் தங்கினார் என்று பொருள். இது நீங்கள் பள்ளியில் கற்ற சாதாரணக் கணக்குத்தான். ஆனால் புதிய வார்டு வேண்டுமா, செவிலியர் எத்தனை பேர் வேண்டும் என்ற முடிவுகள் இக்கணக்கின் மீதே நிற்கின்றன.

ஏடு மருத்துவருக்கு மட்டும் உரியதன்று, சட்டத்துக்கும் உரியது. மருத்துவமனையில் நிகழும் ஒவ்வொரு பிறப்பையும் இறப்பையும் 1969ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவாளருக்குத் தெரிவிக்க வேண்டும். இறப்பின் காரணத்தை உரிய படிவத்தில் மருத்துவர் சான்றளிக்க வேண்டும். உள்நோயாளியின் ஏட்டைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து மூன்று ஆண்டுகளேனும் காக்க வேண்டும் என்றும், நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் அளிக்க வேண்டும் என்றும் இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன.

என்னிடம் படித்த மாணவி ஒருத்தி இப்பொழுது ஒரு மருத்துவமனையில் பதிவேட்டு அலுவலராக இருக்கிறாள். அவள் ஒருமுறை கூறியதை உங்களுக்குச் சொல்ல வேண்டும். சாலை விபத்தில் கணவனை இழந்த ஒரு பெண், இழப்பீட்டு வழக்குக்காகச் சான்று கேட்டுப் பல நாள் அலைந்திருக்கிறாள். அவள் கையில் இருந்தது மழையில் நனைந்த ஒரு சீட்டு. எண் பாதி அழிந்திருந்தது. பெயரைச் சொல்லித் தேடினால், அப்படி ஒருவர் வரவே இல்லை என்று விடை வந்தது. என் மாணவி, விபத்து நடந்த நாளைக் கேட்டு, அன்றிரவு சேர்க்கப்பட்டோர் பட்டியலை எடுத்து, அதை விபத்துப் பதிவேட்டுடன் வரி வரியாக ஒப்பிட்டுப் பார்த்தாள். பெயர் வேறாகவும் முதலெழுத்து வேறாகவும் எழுதப்பட்டிருந்தன. ஆனால் வயதும் ஊரும் கொண்டு வந்து சேர்த்தவர் பெயரும் பொருந்தின. ஏடு கிடைத்தது, உரிய சான்றும் கிடைத்தது. அப்பெண்ணுக்குப் பள்ளியில் படிக்கும் குழந்தைகள் இருவர். "ஐயா, அந்த ஏடு அகப்படாமல் இருந்தால் அவர்கள் படிப்பு என்னவாகியிருக்கும் என்று நினைத்து அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை" என்றாள் அவள். மருத்துவப் படிப்புக்கு இடம் கிடைக்காமல் அழுத பெண்தான் அவளும்.

இத்துறையில் புகுவதற்கு வழி என்ன என்று கேட்பீர்கள். மத்திய அரசின் சுகாதார அறிவுத் தொகுப்பு நிலையம் 1961இல் நிறுவப்பட்டது. அதன் சார்பில் புது தில்லி சப்தர்ஜங் மருத்துவமனையிலும் புதுச்சேரி ஜிப்மரிலும் பதிவேட்டு அலுவலருக்கும், பதிவேட்டுத் தொழில்நுட்பருக்கும் பயிற்சி அளிக்கப்பட்டு வந்திருக்கிறது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியும் இத்துறையில் நெடுநாளாகப் பயிற்சி தந்து பெயர் பெற்றது. பட்டப் படிப்பாகவும் பட்டயப் படிப்பாகவும் பல கல்லூரிகள் இதைக் கற்பிக்கின்றன. 2021இல் இயற்றப்பட்ட துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம், சுகாதாரத் தகவல் மேலாண்மையாளரையும் குறியீட்டாளரையும் பெயர் சொல்லித் தன் அட்டவணையில் சேர்த்திருக்கிறது. காகிதம் அடுக்குவோர் என்று கருதப்பட்டோர், சட்டம் ஏற்ற ஒரு தொழிலினர் ஆகிவிட்டனர்.

மற்றொரு கிளையும் உண்டு. அமெரிக்க மருத்துவமனைகளின் ஏடுகளுக்குக் குறியீடு இடும் நிறுவனங்கள் சென்னையிலும் பிற நகரங்களிலும் ஏராளமான பட்டதாரிகளை அமர்த்தியிருக்கின்றன. உயிரியல், செவிலியம், மருந்தியல் முதலியன படித்தோருக்கு அங்கே இடமுண்டு. உடற்கூற்று நூலை நன்கு கற்றவரே அங்கு முன்னேறுவார். ஒன்று மட்டும் எச்சரிக்கையாகச் சொல்வேன். "மூன்று திங்களில் பயிற்சி, மறுநாள் வேலை" என்று பெரிய எழுத்தில் விளம்பரம் செய்து பெருந்தொகை வாங்கும் நிலையங்களும் இருக்கின்றன. பணம் கட்டுமுன், அப்படிப்புக்கு எந்தப் பல்கலைக்கழகத்தின் அல்லது அரசின் ஏற்பு இருக்கிறது என்று கேளுங்கள். அங்கே படித்து வேலையில் இருப்போர் இருவரையாவது நேரிற் கண்டு பேசுங்கள். தொடக்கத்தில் ஊதியம் மருத்துவரின் ஊதியத்தைப் போல் இராது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். படிப்படியாகவே உயர வேண்டும்.

"இனிக் காகிதமே இல்லாமற் போகுமே, கணிப்பொறியே குறியீடும் இட்டுவிடுமே, அப்பொழுது இவர்கள் எதற்கு?" என்று அறிவுள்ள மாணவன் கேட்பான். நல்ல கேள்வி. 2021ஆம் ஆண்டு செப்டம்பர் 27ஆம் நாள் ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் இயக்கம் நாடெங்கும் தொடங்கப்பட்டது. விரும்புவோர் பதினான்கு இலக்கங்கள் கொண்ட சுகாதாரக் கணக்கு எண் ஒன்றைப் பெற்று, பல மருத்துவமனைகளில் உள்ள தம் குறிப்புக்களை ஒருங்கே இணைத்துக்கொள்ளலாம். பிளம்மர் ஒரு மருத்துவமனைக்குள் செய்ததை நாடு முழுவதற்கும் செய்யும் முயற்சி இது. இயந்திரம் விரைவாக எழுதும், விரைவாகத் தேடும், குறியீட்டையும் முன்மொழியும். ஆனால் தவறாக எழுதப்பட்டதை இயந்திரம் அதே விரைவில் பத்து இடங்களுக்குப் பரப்பியும் விடும். இடக்காலுக்கு வலக்கால் என்று ஒருமுறை பதிந்தால், அது எல்லாத் தாளிலும் ஏறி நிற்கும். எழுதியதைச் சரிபார்க்கும் கண்ணுக்கும், ஐயுற்று நிற்கும் மனத்துக்கும் உள்ள தேவை இதனால் பெருகுமேயன்றிக் குறையாது. வெறும் எழுத்து வேலை மட்டும் அறிந்தவருக்கு இடம் குறையலாம். மருத்துவச் சொல்லின் பொருளும், சட்டத்தின் வரம்பும், கணிப்பொறியின் இயல்பும் ஒருங்கே அறிந்தவருக்கு இடம் இருந்தே தீரும். ஆதலால் இத்துறையை நாடுவோர் உயிரியலோடு புள்ளியியலையும் கணிப்பொறிக் கல்வியையும் விடாமல் கற்க வேண்டும்.

இறுதியாக, எல்லாத் தகுதிகளிலும் தலையாய தகுதி ஒன்றைச் சொல்ல வேண்டும். அது வாயடக்கம். நோயாளி தன் மனைவியிடமும் சொல்லாததை மருத்துவரிடம் சொல்கிறான். அது ஏட்டில் ஏறி, உங்கள் கைக்கு வருகிறது. உங்கள் தெருவிலுள்ள ஒருவருக்குக் காசநோய் என்பதை ஏட்டில் பார்ப்பீர்கள். உங்கள் உறவினர் வீட்டுக்கு வர இருக்கும் மருமகளின் ஏட்டையும் ஒருநாள் பார்க்க நேரலாம். வேலையின் பொருட்டன்றி அதைத் திறந்து பார்ப்பதே பிழை. பார்த்ததை வெளியே சொல்வது அதனினும் பெரும்பிழை. ஒரு சொல்லால் ஒரு திருமணம் நின்றுவிடலாம். ஒருவன் வேலை போய்விடலாம். வெட்கத்தால் ஒரு நோயாளி மருத்துவமனைக்கு வருவதையே விட்டுவிட்டு உயிரிழக்கலாம். 2023இல் இயற்றப்பட்ட தனிமனிதத் தகவல் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது என்பது உண்மையே. ஆனால் சட்டம் பின்னால் வந்து தண்டிப்பது. நாவைக் காக்கும் பழக்கம் முன்னால் நின்று தடுப்பது. அப்பழக்கத்தைப் பள்ளியிலேயே தொடங்கலாம். அடுத்த மாணவனின் மதிப்பெண் தாள் தற்செயலாக உங்கள் கையில் கிடைத்தால், பிரிக்காமல் அவனிடம் கொடுங்கள். அதுவே இத்தொழிலுக்கு நுழைவுத் தேர்வு.

மாணவச் செல்வங்களே! மருத்துவராக விரும்புவோர் முயலுங்கள், வெற்றி பெறுங்கள், என் வாழ்த்து உங்களுக்கு உண்டு. அவ்வாயில் திறவாதோர் சோர்ந்து அமர வேண்டா. தெளிவாக எழுதும் கையும், எண்ணில் தவறாத கவனமும், பிறர் அந்தரங்கத்தைக் காக்கும் நெஞ்சும் உங்களிடம் இருந்தால், மருத்துவமனையில் உங்களுக்கு ஓர் இருக்கை காத்திருக்கிறது. இந்த விடுமுறையில் உங்கள் ஊர் மருத்துவமனைக்குச் சென்று, உரியவரிடம் அனுமதி பெற்று, பதிவேட்டு அறை எவ்வாறு நடைபெறுகிறது என்று ஒரு முற்பகல் இருந்து பாருங்கள். நோயாளியின் ஏட்டைத் தொடாமல், அங்குள்ளோர் வேலை செய்யும் முறையை மட்டும் கவனியுங்கள். உங்கள் உள்ளம் அதில் ஈடுபடுகிறதா இல்லையா என்பதை அந்த ஒரு முற்பகலே உங்களுக்குச் சொல்லிவிடும்.